உப மின்நிலையம் ஊமையானால்



சென்ற மாத உரைக்குப் பிறகு ஓர் அம்மா வானொலிக்கு ரெலிபோன் எடுத்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்டக் குடியிருப்பவர். 2023 ஏப்ரல் 5ஆம் திகதி உறைமழை பெய்து கியூபெக்கில் சுமார் 11 இலட்சம் இணைப்புகளுக்குக் கறண்ட் போனதல்லவா, அன்று அவருடைய வீட்டிலும் போயிருந்தது. "தம்பி, எங்கட வீட்டில கறண்ட் இல்லையெண்டு அவங்களுக்குத் தானாய்த் தெரியுமோ, அல்லது நாங்கள் சொல்லித்தான் தெரியவேணுமோ?" என்பது அவருடைய கேள்வி. கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் நான் பல வருடம் செய்த தொழில் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் கறண்ட் வரும் வழியைப் பார்ப்போம். வடக்கே ஜேம்ஸ் குடாப் பக்கத்திலும் மானிக்குவாகான் ஆற்றிலும் உற்பத்தியாகும் மின்சாரம் 735,000 வோல்ட்டில் தெற்கே வருகிறது. அந்த அளவு வோல்ட்டில் உலகிலேயே முதன்முதலாக லைன் இழுத்து ஓட்டியவர்கள் கியூபெக்காரர்தான், 1965இல். நகரத்தை நெருங்க நெருங்க வோல்ட் படிப்படியாக இறக்கப்படுகிறது. கடைசியாக உங்கள் பகுதி உப மின்நிலையத்தில் அது 25,000 அல்லது 12,000 வோல்ட்டாகி, பல கிளைகளாகத் தெருக்களுக்குப் பிரிகிறது. இந்தக் கிளை ஒவ்வொன்றையும் பீடர் என்போம். சந்தையில் மீன் விற்பவரின் குளிரறை, பார்க் எக்ஸ்ரென்ஷனில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடைப் பிறிட்ஜ், உங்கள் வீட்டுச் சுவர் ஹீற்றர், எல்லாம் ஏதோ ஒரு பீடரின் வாலில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

உப மின்நிலையத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். உயர்ந்த கம்பி வேலி, உள்ளே பெரிய ட்ரான்ஸ்போமர்கள், வேலியில் அபாயப் பலகை. ஆனால் உள்ளே ஆள் இருக்காது. முந்திய காலத்தில் முக்கியமான நிலையங்களில் இரவு பகலாக ஆட்கள் இருந்து, மீட்டரைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, தேவையான நேரத்தில் பிறேக்கரைப் போட்டும் எடுத்தும் வேலை செய்தார்கள். இன்று ஹைட்ரோ-கியூபெக்கிடம் மட்டும் 500க்கும் மேற்பட்ட உப மின்நிலையங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஆள் வைக்க முடியாது. தூரத்தில் ஒரு கட்டுப்பாட்டு நிலையத்தில் சிலர் மட்டும் இருந்துகொண்டு, திரையைப் பார்த்தே எல்லாவற்றையும் நடத்துகிறார்கள்.

அப்படியானால் ஆளில்லாத நிலையம் தன் செய்தியை எப்படிச் சொல்கிறது? அங்கே ஓர் இரும்பு அலுமாரிக்குள் ஒரு கருவி இருக்கும். எந்தப் பிறேக்கர் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, வோல்ட் எவ்வளவு, ட்ரான்ஸ்போமர் எண்ணெய் எவ்வளவு சூடு என்று நிலையம் முழுவதிலிருந்தும் வயர்கள் அதற்கு வருகின்றன. அதற்குள்ளே, பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பி அளவில், ஓர் அட்டை செருகப்பட்டிருக்கும். அதுதான் தொடர்பு அட்டை. நிலையத்தின் காதும் நாக்கும் அதுவே. சேகரித்த செய்தியைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்வதும், அங்கிருந்து வரும் கட்டளையைக் கேட்பதும் அதன் வேலை. இந்தப் பழைய அட்டையைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதுதான் எங்கள் தொழில். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு ஒரு நிலையத்துக்கு மாதக் கணக்கில் எடுக்கும்.

1980களில் பூட்டிய அட்டைகள் பெரும்பாலும் வாடகை ரெலிபோன் லைன் ஒன்றில், மொடெம் மூலம் பேசுபவை. வினாடிக்கு 1200 பிட் வேகம். அதாவது வினாடிக்குச் சுமார் 120 ஆங்கில எழுத்து. இன்று உங்கள் பேரப்பிள்ளை அனுப்பும் ஒரு கைத்தொலைபேசிப் படம் அந்த லைனில் போனால் பல மணித்தியாலம் எடுக்கும். ஆனாலும் வேலைக்கு அது போதுமாக இருந்தது. கட்டுப்பாட்டு நிலையம் ஒவ்வொன்றாகக் கூப்பிடும்: "நாலாம் நம்பர், என்ன செய்தி?" நாலாம் நம்பர் தன் செய்தியைச் சொல்லும். பிறகு ஐந்தாம் நம்பர். வாத்தியார் இடாப்புக் கூப்பிடுவது போல, இரவு பகலாக, முப்பது வருடம் அந்த அட்டைகள் "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டிருந்தன.

சிக்கல் எங்கே வந்தது என்றால், பேசும் மொழியில். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பனியும் தன் அட்டைக்குத் தானே ஒரு மொழியை உருவாக்கியது. ஒன்று பேசுவது மற்றதற்கு விளங்காது. ஜான்-டலோன் சந்தையை நினைத்துப் பாருங்கள். 1933இல் திறந்த சந்தை. பிரெஞ்சு, இத்தாலியன், அரபு என்று பேசும் வியாபாரிகள். எங்கள் ஆச்சி ஒருவர் கத்தரிக்காய்ப் பெட்டிக்கு முன் நின்று விரலைக் காட்டி விலை பேசுவார். கிலோவா பெட்டியா, மூன்றா முப்பதா என்று இரு பக்கமும் குழம்பும். நடுவில் பேத்தி வந்து நின்றால் அரை நிமிடத்தில் வியாபாரம் முடியும். மின்நிலையத்திலும் அந்தப் பேத்தி மாதிரி ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டி வைப்பதுண்டு. பழைய கருவி தன் மொழியில் பேசும். பெட்டி அதைப் புது மொழியில் சொல்லும். முழு அலுமாரியையும் மாற்றக் காசில்லாத இடங்களில் இதுதான் வழி. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. பேத்திக்குக் காய்ச்சல் வந்தால் வியாபாரம் நின்றுவிடும் அல்லவா?

எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டும் என்று பிறகு யோசித்தார்கள். 1979இலேயே மொட்பஸ் என்று ஒன்று தொழிற்சாலைகளுக்காக வந்தது. மின்நிலையத்துக்கென்றே டி.என்.பி.3 என்ற மொழி வந்தது. இதை உருவாக்கியது கனடாவில், கல்கரியிலிருந்த வெஸ்ற்ரோனிக் என்ற கம்பனி. 1993இல் அதைத் தங்களுக்கே வைத்துக்கொள்ளாமல், பாவனையாளர் சங்கம் ஒன்றிடம் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அது வட அமெரிக்கா முழுவதும் பரவியது. அதில் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. ஒரு பிறேக்கரைத் திற என்று கட்டளை கொடுத்தால், நிலையம் உடனே திறந்துவிடாமல் பண்ணலாம். முதலில் "பன்னிரண்டாம் பிறேக்கரைத் திறக்கத் தெரிவு செய்கிறேன்" என்று ஒரு செய்தி போகும். நிலையம் அதை அப்படியே திருப்பிச் சொல்லும். சரியென்றால்தான் "இப்போது செய்" என்ற இரண்டாவது செய்தி. நல்ல கடைக்காரர் "இரண்டு கிலோ கத்தரிக்காய்தானே?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத் தராசில் போடுவது போல.

இனி முக்கியமான விடயம். தொடர்பு அட்டை செத்தால் கறண்ட் போகுமா? போகாது. இதைத்தான் பலர் நம்புவதில்லை. லைனில் மரம் விழுந்தால் பிறேக்கரைத் தட்டிவிடுவது வேறு கருவி. காப்பு றிலே என்போம். அது யாரையும் கேட்காது. ஒரு வினாடியின் சிறு பங்குக்குள் தானே முடிவெடுக்கும். ஆகவே அட்டை செத்த நிலையத்திலும் லைற் எரிந்துகொண்டே இருக்கும், சந்தையில் ஐஸ் உருகாது, ஒருவரும் முறைப்பாடு செய்ய மாட்டார்கள். கட்டுப்பாட்டு நிலையத்தின் திரையில் மட்டும் அந்த நிலையத்தின் எண்கள் உறைந்து நிற்கும். உறைந்த எண் நல்ல எண் போலவே இருக்கும் என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய இடம்.

2003 ஓகஸ்ட் 14ஐ ரொறன்ரோவிலுள்ள உங்கள் சொந்தக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். பிற்பகல் 2.14க்கு, அமெரிக்காவில் ஓகாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், ஒரு மின் கம்பனியின் கட்டுப்பாட்டு நிலையத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும் மென்பொருள் நின்றுபோனது. நின்றது அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. மூன்று மணிக்குப் பிறகு 345,000 வோல்ட் லைன்கள் மூன்று, சூட்டில் தொய்ந்து, வளர்ந்திருந்த மரங்களில் பட்டு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அயல் கம்பனிக்காரர் ரெலிபோனில் கேட்டபோதும் இவர்களுடைய திரை அமைதியாக இருந்தது. 4.13க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலுமாக ஐந்து கோடிப் பேர் இருட்டில். அங்கே பழுதானது உப மின்நிலையத்து அட்டை அல்ல, தலைமை இடத்து மென்பொருள். ஆனாலும் நோய் ஒன்றுதான்: பார்ப்பவருக்குத் தான் குருடு என்று தெரியாமல் இருப்பது. மொன்றியலில் அன்று லைற் எரிந்தது. கியூபெக்கின் மின்வலை அயல் வலைகளோடு நேராகப் பிணைக்கப்படாமல், பெரும்பாலும் நேர்மின்னோட்ட இணைப்புகள் மூலம் தொடுக்கப்பட்டிருப்பதே காரணம். அது எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு.

ஆனால் கியூபெக் தன் சொந்த அடிகளை வாங்கியிருக்கிறது. 1989 மார்ச் 13ஆம் திகதி அதிகாலை 2.44க்குச் சூரியப் புயல் ஒன்றினால் ஒன்றரை நிமிடத்துக்குள் முழு மாகாணமும் இருண்டது. 1998 ஜனவரி உறைமழையை இங்கே வந்து கொஞ்சக் காலமே ஆன எங்கள் குடும்பங்கள் பல அகதி விண்ணப்பக் கடிதங்களோடு தங்குமிட மண்டபங்களில் கழித்தன. அந்த ஜனவரி 9ஆம் திகதி மொன்றியலின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கே கறண்ட் போய், நகரம் தண்ணீர் இல்லாமல் போகும் விளிம்புக்கு வந்தது. அப்படியான நாளில், விழுந்ததைத் தூக்குவதற்கு முதல் தேவை, எது இன்னும் நிற்கிறது என்று தெரிவது. அதைச் சொல்ல வேண்டியது இந்தச் சின்ன அட்டைதான். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் கறண்ட் இல்லாமல், மண்ணெண்ணெயும் இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் இருந்தபோதும் நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். வெளிச்சம் இல்லாமல் இருந்துவிடலாம்; என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்க முடியாது என்பது எங்களுக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டிய விடயமல்ல.

சரி, வேலை செய்யும் அட்டையை ஏன் மாற்ற வேண்டும்? நல்ல கேள்வி. நானும் தேவையில்லாமல் மாற்றுவதற்கு எதிரானவன்தான். ஆனால் அட்டையிலுள்ள மின்கொள்ளிகள் காய்ந்து போகின்றன. அதே சில்லு இப்போது எவரும் செய்வதில்லை. அதன் அமைப்பை மாற்றுவதற்குப் பழைய டொஸ் மென்பொருள் ஓடும் மடிக்கணினி வேண்டும். அதற்கென்றே ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருப்போம். ரெலிபோன் கம்பனிகளும் பழைய செப்புக் கம்பி வாடகை லைன்களைக் கைவிட்டு வருகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அதைத் தெரிந்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள்.

மொன்றியல் தீவில் பழைய நிலையங்கள் சிலவற்றை ஹைட்ரோ-கியூபெக் முழுதாகவே திருப்பிக் கட்டி, 315,000 வோல்ட்டில் எடுத்து 25,000இல் கொடுக்கும்படி செய்திருக்கிறது. பெலான்ஜே, ஃப்ளூரி, டு லொரிமியே எல்லாம் அப்படியானவை. அங்கே பிரச்சினை இல்லை, எல்லாம் புதிது. பக்கத்தில் புது வீடு கட்டிக் குடிபோவது போல. கஷ்டம், திருப்பிக் கட்டாத நிலையத்தில்தான். குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கும்போதே குசினித் தண்ணீர்க் குழாயை மாற்றச் சொன்னால் எப்படி?

முதல் வேலை, வரைபடங்களை எடுத்துக்கொண்டு போய் வயர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் வந்து கைவைத்திருப்பார்கள். எல்லோரும் வரைபடத்தில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நம்ப முடியாது. ஒரு தொழிற்சாலையின் சொந்த உப மின்நிலையத்தில், மூன்றாம் பிறேக்கர் என்று பெயர் ஒட்டிய வயர் ஐந்தாம் பிறேக்கருக்குப் போயிருந்ததைக் கண்டோம். எவ்வளவு காலம் அப்படி இருந்ததோ. திரையில் மூன்றாவது திறந்திருக்கிறது என்று காட்டும். உண்மையில் அது மூடி, லைனில் உயிர் ஓடிக்கொண்டிருக்கும். லைன்காரர்கள் திரையை நம்பிக் கைவைப்பதில்லை, தாங்களும் சோதித்து, நிலத்தோடு கம்பி பூட்டிய பிறகுதான் தொடுவார்கள். அந்தப் பழக்கம்தான் உயிர்களைக் காப்பாற்றுகிறது.

பிறகு புதுக் கருவியைப் பட்டறையில் வைத்து, பொய்யான சமிக்ஞைகள் கொடுத்துப் பரிசோதிப்போம். நிலையத்துக்குக் கொண்டுபோனதும் கொஞ்ச நாள் பழையதும் புதியதும் அருகருகே ஓடும். இரண்டும் ஒரே செய்தியைக் கேட்கும். ஆனால் கட்டளை கொடுக்கும் உரிமை பழையதற்கு மட்டும்தான். இரண்டும் ஒரே பதில் சொல்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்போம். மாற்றும் நாளை ஒருபோதும் ஜனவரி, பெப்ரவரியில் வைப்பதில்லை. இங்கே வீடுகளை மின்சாரத்தால் சூடாக்குவதால் குளிர்காலம்தான் உச்சம். 2023 பெப்ரவரி 3ஆம் திகதி அது 43,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஆகவே வசந்தம் அல்லது இலையுதிர் காலம், அதிலும் பாரம் குறைந்த நேரம்.

அன்றைக்கு நிலையத்தின் ஆளி 'இங்கே' என்ற பக்கத்துக்குத் திருப்பப்படும். தூரத்திலிருந்து வரும் எந்தக் கட்டளையும் அப்போது செல்லாது. அதனால் அந்தச் சில மணித்தியாலத்துக்குப் பழைய காலம் போல நிலையத்துக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார், தேவையானால் கையால் பிறேக்கரை இயக்க. அதன் பிறகு வருவது அலுப்பான, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. ஒவ்வொரு சமிக்ஞையாகச் சோதிப்பது. நடுத்தர நிலையமொன்றில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். நிலையத்தில் ஒருவர், கட்டுப்பாட்டு நிலையத்தில் ஒருவர், நடுவில் ரெலிபோன். "பன்னிரண்டு, திறந்தது." "திறந்தது என்று காட்டுது. நேரம் சரி." "இப்ப மூடினது." "மூடினது." இப்படியே விடியும் வரை. கட்டளைகளைச் சோதிக்கும்போது பிறேக்கருக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒரு பரிசோதனை றிலேயை வைப்போம். இல்லாவிட்டால் ஒரு விரல் பிழையாகப் பட்டால் சந்தை முழுவதும் இருண்டுவிடும். இன்ன நேரத்துக்குள் முடியாவிட்டால் பழைய அட்டையைத் திரும்பப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்போம். இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று இழுக்கும் ஆட்களோடு வேலை செய்வது எனக்குப் பிடிக்காது.

புதியது எல்லா விதத்திலும் நல்லதா என்றால், இல்லை. பழைய அட்டை மெதுவானது, ஆனால் அதனிடம் பேச அந்த ஒரு லைனைத் தேடிப் பிடிக்க வேண்டும். புதியது கொம்பியூட்டர் வலையில் இருக்கிறது. உக்ரைனில் 2015 டிசம்பர் 23ஆம் திகதி நடந்தது இதற்கு உதாரணம். மூன்று மின் விநியோகக் கம்பனிகளின் கொம்பியூட்டர்களுக்குள் புகுந்தவர்கள் தூரத்திலிருந்தே பிறேக்கர்களைத் திறந்தார்கள். சுமார் 225,000 வாடிக்கையாளருக்குக் கறண்ட் போனது. அதோடு நிற்கவில்லை. உப மின்நிலையங்களில் பழைய கருவியைப் புது வலையோடு இணைக்கும் பெட்டிகள் இருந்தன. நான் மேலே சொன்ன பேத்திகள் மாதிரி. அவற்றின் உள் மென்பொருளையே அழித்துவிட்டார்கள். கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து பிறேக்கரைத் திரும்ப மூட வழியில்லை. ஊழியர்கள் வாகனத்தில் ஒவ்வொரு நிலையமாகப் போய்க் கையால் மூடினார்கள். சில மணித்தியாலத்தில் கறண்ட் திரும்பியதற்கு, கையால் செய்யத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருந்ததுதான் காரணம். ஆகவே புது அட்டை பூட்டும்போது யாருக்குப் பதில் சொல்வது, யாருக்குச் சொல்லக் கூடாது என்பதையும் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. டி.என்.பி.3 முதலில் வந்தபோது அதில் அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை, பிறகுதான் சேர்த்தார்கள்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பீடர் முழுவதும் விழுந்தால் உப மின்நிலையம் வினாடிக்குள் சொல்லிவிடும், நீங்கள் மெழுகுதிரி தேடுவதற்கு முதலே அவர்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் தெருக் கம்பத்திலுள்ள ஒரு பியூஸ் மட்டும் போனால், அல்லது உங்கள் வீட்டுக்கு வரும் வயரை மரக்கொப்பு அறுத்தால், நிலையத்துக்கு அது தெரியாது. அதன் பார்வை பீடரின் தலைப்போடு நின்றுவிடுகிறது. இப்போதைய வீட்டு மீட்டர்கள் தகவல் அனுப்பக்கூடியவைதான். என்றாலும் நீங்கள் 1 800 790-2424க்கு எடுத்துச் சொல்வது நல்லது. "பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்" என்று இருந்துவிடாதீர்கள், அவரும் அப்படித்தான் உங்களை நினைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் மூச்சுக் கருவியில் ஒருவர் இருந்தால் எடுத்தவுடன் அதை முதலில் சொல்லுங்கள்.

செஜெப்பில் என்ன படிக்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. எல்லோரும் மென்பொருள் என்று ஓடுகிறார்கள். மின் கட்டுப்பாடு, தன்னியக்கம் சார்ந்த தொழில்நுட்பப் படிப்பு மூன்று வருடம். பிரெஞ்சு நன்றாக வரவேண்டும், ஏனென்றால் பழைய வரைபடங்களின் ஓரத்தில் கையால் எழுதிய குறிப்புகள் எல்லாம் பிரெஞ்சில்தான் இருக்கும்; சில எழுத்துகள் டாக்குத்தரின் மருந்துச் சீட்டைவிட மோசம். முதல் இரண்டு வருடம் தரும் வேலை அநேகமாக வயர் நம்பர்களைச் சரிபார்ப்பதாகத்தான் இருக்கும். அதைப் பொறுமையாகச் செய்யுங்கள். அந்த அலுமாரிகளைத் தெரிந்த பழைய ஆட்கள் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். நாங்கள் கழற்றும் அட்டைகளைக்கூட எறிவதில்லை, பெயர் எழுதித் தட்டில் வைக்கிறோம். வரிசையில் காத்திருக்கும் வேறு நிலையத்தின் அட்டை நாளைக்குச் செத்தால் அதுதான் உதிரிப்பாகம்.